மலை ஏறியவர்களும் ஏற்றிவிட்டவர்களும்



ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், தங்காக் பட்டணத்துக்கு அருகே நீலமாய் நிமிர்ந்து நிற்கும் மலையை உங்களில் பலர் அறிவீர்கள். குனோங் லேடாங் என்பது அதன் பெயர். வெள்ளைக்காரர்கள் தங்கள் வரைபடங்களில் அதற்கு ஓஃபிர் மலை என்று பெயரிட்டிருந்தார்கள். 1,276 மீட்டர் உயரம் கொண்ட அதுவே ஜொகூரில் மிக உயர்ந்த மலை. அதன் அடிவாரத்துத் தோட்டங்களில் பெரட்டுக்கு நின்றவர்களுக்கும், பால் வாளியோடு நிரை நிரையாக நடந்தவர்களுக்கும், அந்த மலை நாள்தோறும் கண்ணில் படுகின்ற அண்டை வீட்டார் போன்றது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் குழுக்குழுவாகச் சேர்ந்து மலையேறப் போகிறார்கள். சிலர் லேடாங்குக்கு, சிலர் சபாவிலுள்ள கினபாலுவுக்கு. வசதியும் துணிவும் வாய்த்த ஒரு சிலர் இமயத்துக்கே போகிறார்கள். இப்படிப் போகும்போது கட்டணம் கட்டுகிறோம், அனுமதி பெறுகிறோம், ஒரு வழிகாட்டியின் பின்னால் நடக்கிறோம். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் படத்தில் வழிகாட்டி இருக்கிறாரா? அவர் யார்? அவரைப் போன்றவர்கள் எப்போதிருந்து இத்தொழிலைச் செய்கிறார்கள்? அவர்களுக்கு என்ன கிடைத்தது? இன்றைய உரையில் இந்தக் கேள்விகளுக்கு வரலாற்றில் விடை தேடுவோம்.

முதலில் நம்முடைய லேடாங்கிலிருந்தே தொடங்கலாம். அம்மலையின் இளவரசியைப் பற்றிய கதை எல்லாருக்கும் தெரியும். மலாக்காவின் சுல்தான் மஹ்மூட் அவளை மணக்க விரும்பினார். அவள் சீராகக் கேட்டவற்றைக் குழந்தைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மலாக்காவிலிருந்து மலை வரைக்கும் ஒரு பொன் பாலம், ஒரு வெள்ளிப் பாலம், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம், ஒரு தொட்டி நிறையக் கண்ணீர், கடைசியாக ஒரு கிண்ணம் அரசனின் இரத்தம், ஒரு கிண்ணம் இளவரசனின் இரத்தம். சிஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் வரலாற்று நூலில் இக்கதை வருகிறது.

அந்தக் கதையில் நாம் அதிகம் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. பெண் கேட்க விரும்பிய சுல்தான் மலை ஏறவில்லை. ஏறியவர்கள் அவருடைய ஏவலர்கள். முதுமை எய்திவிட்ட ஹங் துவாவும் அக்குழுவில் இருந்தார். வழி மிகவும் கடினம். காற்றும் குளிரும் தாங்க முடியவில்லை. மூத்தவர்கள் கீழே தங்கிவிட, துன் மாமாட் என்பவர் சிலரோடு மேலே சென்று செய்தி பெற்றுத் திரும்பினார். ஆசை ஒருவருடையது, கால் வலி இன்னொருவருடையது. கதையாகவே இருக்கட்டும். மலையேற்றத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம்.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1854ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை அறிஞர் மலாக்காவுக்கு வந்தார். பூச்சிகளையும் பறவைகளையும் சேகரிப்பது அவர் தொழில். டார்வினோடு ஏறத்தாழ ஒரே காலத்தில், உயிர்கள் எவ்வாறு மாறி வளர்கின்றன என்ற உண்மையைத் தாமாகவே கண்டறிந்தவர் அவர். அவர் லேடாங் மலைக்குப் போக முடிவு செய்தார். கூடவே ஓர் இளம் அரசாங்க அதிகாரியும் புறப்பட்டார். மூட்டைகளைச் சுமக்கவும் துணைக்கு வரவும் ஆறு மலாய்க்காரர்களை அமர்த்திக்கொண்டார்கள். ஒரு வாரமாவது மலையில் தங்க வேண்டும் என்பதால் அரிசி, காப்பி, உலர்ந்த மீன் எல்லாம் மூட்டையாயின. காட்டுப் பாதையில் அட்டைகள் உடம்பெல்லாம் ஏறின. யானையின் தடங்களும் காண்டாமிருகத்தின் தடங்களும் வழியில் தென்பட்டன. உச்சியை அடைந்த வாலஸ் கருவிகளைக் கொண்டு மலையின் உயரத்தை அளந்தார். அரிய பெரணிச் செடிகளைக் கண்டு வியந்தார். 1869ஆம் ஆண்டில் வெளிவந்த தம்முடைய புகழ்பெற்ற நூலில் இவற்றையெல்லாம் சுவையாக எழுதிவைத்தார்.

செடிகளுக்கு இலத்தீன் பெயர் உண்டு அந்த நூலில். பறவைகளுக்குப் பெயர் உண்டு. ஆனால் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உடன் நடந்த அந்த ஆறு பேரின் பெயர்? ஆறு மலாய்க்காரர்கள் என்ற எண்ணிக்கையோடு அது நின்றுவிடுகிறது. வாலஸ் கொடியவர் அல்லர். உழைக்கும் மக்களிடம் பரிவு கொண்டவர். ஆயினும் அக்காலத்து வழக்கம் அப்படி. சுமப்பவனை எண்ணுவார்கள், பெயர் எழுதமாட்டார்கள்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இது புதிய செய்தி அன்று. 1909ஆம் ஆண்டில் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பிறகு அப்பாதையின் இருபுறமும் காடுகள் அழிந்து ரப்பர் தோட்டங்களாயின. தோட்டம் திறந்த கம்பெனியின் பெயர் பலகையில் இருந்தது. துரையின் பெயர் கணக்கில் இருந்தது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்கள் செக்ரோலில் ஓர் எண்ணாகவும் ஒரு நாள் சம்பளமாகவும் இருந்தார்கள். ஆகவே மலையில் சுமை தூக்கியவர்களின் கதையை நாம் நம் சொந்தக் கதைபோல் கேட்கலாம்.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். பொழுதுபோக்காக மலையேறும் வழக்கமும், கூலி கொடுத்து வழிகாட்டியை அமர்த்தும் வழக்கமும் அங்கேதான் ஒரு தொழிலாக வளர்ந்தன. பிரான்சு நாட்டில் ஷாமொனி என்னும் சிற்றூருக்கு மேலே மோன் பிளாங்க் என்ற மலை இருக்கிறது. நம் லேடாங்கைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு உயரம். தலையெல்லாம் உறைபனி. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், அவ்வூர் மருத்துவர் பக்கார் என்பவரும், மலையில் பளிங்குக் கற்கள் தேடி விற்றுப் பிழைத்த பல்மா என்பவரும் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தார்கள். அதன்பின் செல்வர்களும் அறிஞர்களும் அவ்வூருக்கு வரத் தொடங்கினார்கள். மாடு மேய்த்தவர்களும் உழவர்களும் கோடைக்காலத்தில் வழிகாட்டிகளாக மாறினார்கள்.

1820ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஹாமெல் என்ற அறிஞர் மலை ஏற வந்தார். இரண்டு நாள் வானிலை கெட்டிருந்தது, புதுப்பனி கொட்டியிருந்தது. இப்போது போவது ஆபத்து, திரும்பிவிடலாம் என்று வழிகாட்டிகள் கருதினார்கள். வந்தவரோ போயே தீர வேண்டும் என்றார். கூலி பெறுகிறவன் எத்தனை முறை மறுத்துப் பேச முடியும்? போனார்கள். பனிச்சரிவு வந்து வரிசையாகப் பலரை அடித்துச் சென்றது. வழிகாட்டிகள் மூவர் ஆழமான பனிப்பிளவில் விழுந்து மறைந்தார்கள். ஹாமெல் உயிரோடு திரும்பினார்.

உறைபனி ஆறுபோல மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும் தன்மை உடையது. நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 1861ஆம் ஆண்டில், பனியாற்றின் அடிவாரத்தில் அந்த வழிகாட்டிகளின் எச்சங்கள் வெளிப்படத் தொடங்கின. அவர்களோடு இளமையில் மலையேறியவர்கள் அப்போது கிழவர்களாகியிருந்தார்கள். பனி அவர்களை மறக்கவில்லை.

ஊராரும் மறக்கவில்லை. விபத்து நடந்த மறு ஆண்டே, 1821இல், ஷாமொனி வழிகாட்டிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். உலகிலேயே மிகப் பழைய மலை வழிகாட்டிகள் சங்கம் அதுதான். இன்றும் இயங்கி வருகிறது. வேலையை ஒருவருக்கே கொடுக்காமல் முறை வைத்துப் பகிர்ந்தார்கள். கூலிக்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். காயப்பட்டவர்களுக்கும், இறந்தவர்களின் மனைவி மக்களுக்கும் உதவ ஒரு பொது நிதி ஏற்படுத்தினார்கள். நம் தோட்டங்களில் ஆளுக்கு இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி என்று போட்டு நடத்திய மரண சகாய நிதியை நினைத்துப் பாருங்கள். இழவு வீட்டில் எழுந்த யோசனைதான் அங்கேயும் சங்கமாயிற்று.

இவ்வாறு ஐரோப்பாவில் வழிகாட்டி ஒரு மதிப்புள்ள தொழிலாளி ஆனான். ஆனால் அந்த மதிப்பு இமயமலையில் உடனே கிடைக்கவில்லை. 1921ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயர்கள் திபெத்தின் வழியாக எவரெஸ்டு சிகரத்தை நெருங்க முயன்றார்கள். சுமை தூக்குவதற்குத் தார்ஜீலிங்கிலிருந்து ஷெர்ப்பாக்களையும் போட்டியாக்களையும் கூலிக்கு அமர்த்தினார்கள். ஷெர்ப்பா என்பது ஒரு மலைவாழ் இனத்தாரின் பெயர். உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆதலால் மெல்லிய காற்றிலும் உழைக்கும் வலிமை அவர்களுக்கு உண்டு.

1922ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், மூன்று ஆங்கிலேயர்களும் பதினான்கு சுமைதூக்கிகளும் கயிற்றில் பிணைந்து ஒரு பனிச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது, வெடிச் சத்தம்போல ஓர் ஓசை கேட்டது. பனி பெயர்ந்து ஓடியது. ஏழு சுமைதூக்கிகள் மாண்டார்கள். நோர்பு, லக்பா, பாசாங், பெமா, சங்கே, தெம்பா ஆகியோரும் அந்த எழுவரில் அடங்குவர். ஆங்கிலேயர் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

அந்தக் கயிற்றில் இருந்தவர்களில் ஒருவர் ஹாவர்டு சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர். அவரது மனம் ஆறவில்லை. இறந்தவர்கள் அத்தனை பேரும் சுமை தூக்க வந்தவர்களாக இருக்கிறார்களே, ஆபத்தில் நாங்களும் சமபங்கு ஏற்றோம் என்று காட்ட எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கலாகாதா என்று அவர் வருந்தினார். பின்னாளில் அதை எழுதியும் வைத்தார். அந்தப் பயணம் முடிந்ததும் அவர் இந்தியாவின் தென்கோடிக்கு வந்தார். அன்று திருவிதாங்கூரிலும் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரின் மருத்துவமனையைக் கண்டார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள், மருத்துவர்களோ போதவில்லை. இலண்டனில் காத்திருந்த வளமான வாழ்வை விட்டுவிட்டு அவர் நெய்யூரில் தங்கினார். 1924ஆம் ஆண்டில் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, பிராணவாயுக் குப்பி இல்லாமலே 8,500 மீட்டருக்கும் மேலே ஏறிவிட்டுத் திரும்பிவந்தார். பல்லாண்டுகள் நெய்யூரிலும், பின்னர் வேலூரிலும் ஏழை மக்களுக்கு அறுவை மருத்துவம் செய்தார். சிகரம் தொடாமல் திரும்பிய அந்த மனிதரை நாஞ்சில் நாட்டு மக்கள் தங்கள் மருத்துவராகவே அறிந்திருந்தார்கள்.

அடுத்து வருவது டென்சிங்கின் காலம். 1935ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேயக் குழுவுக்குச் சுமைதூக்கியாகத் தார்ஜீலிங்கில் ஆள் எடுத்தபோது, இளைஞர் டென்சிங் நோர்கே அதில் சேர்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் பல குழுக்களோடு ஏறினார். 1952இல் சுவிட்சர்லாந்துக் குழுவினரான லாம்பெர் அவரைத் தமக்குச் சமமான மலையேறியாகவே நடத்தினார். இருவரும் அன்று வரைக்கும் எவரும் எட்டாத உயரம் வரை சேர்ந்து சென்றார்கள். அதனால் டென்சிங்கின் மனத்தில் லாம்பெருக்கு ஒரு தனி இடம் இருந்தது.

1953இல் மீண்டும் ஆங்கிலேயர் குழு வந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் மூட்டைகளை எடுத்துச் சென்றார்கள். டென்சிங் ஷெர்ப்பாக்களின் தலைவர்; நம் வழக்கில் சொன்னால் கங்காணி. காத்மாண்டுவில் ஆங்கிலேயர்களுக்குத் தூதரகத்தில் அறைகள் கிடைத்தன. ஷெர்ப்பாக்களுக்குக் கிடைத்ததோ வண்டிக் கொட்டகை. கழிப்பிட வசதிகூட இல்லை. அவர்கள் தங்கள் மனத்தாங்கலை அங்கேயே வெளிப்படையாகக் காட்டிவிட்டார்கள். லயத்து வீட்டையும் பங்களாவையும் கண்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

அந்த ஆண்டு மே 29ஆம் நாள் நியூசிலாந்துக்காரரான எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றார்கள். முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகமே கேட்டது. நாட்டுக்கு நாடு கட்சி கட்டிக்கொண்டு சண்டையிட்டது. ஒரே கயிற்றில் கட்டப்பட்ட இருவரில் முதல் யார், இரண்டாவது யார் என்பது மலையேறிகளுக்குப் பொருளற்ற கேள்வி. பின்னர் டென்சிங்கே தம் வாழ்க்கை வரலாற்று நூலில், ஹில்லரியே சில அடிகள் முன்னே சென்றார் என்று ஒளிக்காமல் சொன்னார். ஹில்லரிக்கும் குழுத் தலைவர் ஹண்டுக்கும் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் வழங்கியது. டென்சிங்குக்கு வழங்கியது ஜார்ஜ் பதக்கம். பட்டத்துக்கும் பதக்கத்துக்கும் இருந்த வேறுபாட்டைத் தார்ஜீலிங் மக்கள் கவனிக்காமல் இல்லை.

ஆனால் வேறொரு பெருமை டென்சிங்குக்கு வந்தது. 1954ஆம் ஆண்டு நவம்பரில் தார்ஜீலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. களப் பயிற்சிக்கு இயக்குநர் யார்? ஒரு காலத்தில் சுமை தூக்கிய டென்சிங்! படிப்பறிவு இல்லாத அவர் முன்னால் இராணுவ அதிகாரிகளும் பட்டதாரிகளும் மாணவர்களாக நின்றார்கள். நம் நாட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அதே 1954இல்தான். உழைக்கிறவன் தன் தொழிலுக்கு மதிப்புக் கேட்ட காலம் அது.

காலம் மாறியது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்கச் செல்வந்தர் ஒருவர் தேர்ந்த வழிகாட்டி ஒருவரின் துணையோடு எவரெஸ்டு உச்சியை அடைந்தார். அதற்குப் பிறகு, கட்டணம் செலுத்தினால் எவரெஸ்டுக்கு அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் தோன்றின. இப்படிப்பட்ட பயணத்தில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நேபாளத்தின் பக்கமாக ஏறுகிறவர்கள் முதலில் பனியருவி என்னும் பகுதியைக் கடக்க வேண்டும். வீடு வீடாக உயர்ந்த பனிக்கட்டிகள் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. ஷெர்ப்பாக்கள் முன்னதாகவே சென்று பனிப்பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளைக் கிடத்துகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள். கூடாரமும் உணவும் பிராணவாயுக் குப்பிகளும் மேல் முகாம்களுக்கு அவர்கள் முதுகில்தான் போகின்றன. கட்டணம் கட்டியவர் பனியருவியைச் சில முறை கடந்தால், சுமை எடுப்பவர் பல முறை கடக்கிறார். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே மரண வலயம். உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே புத்தி தடுமாறும். அப்போது திரும்பு என்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். 1996ஆம் ஆண்டு மே மாதம், திரும்ப வேண்டிய நேரம் கடந்தும் பலர் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது புயல் வந்தது. ஒரே இரவிலும் மறுநாளிலுமாக எட்டுப் பேர் மாண்டார்கள். புகழ்பெற்ற வழிகாட்டிகளும் அதில் அடக்கம்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் மலேசியக் குழு போயிற்று. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், நண்பகல் வேளையில், மு. மகேந்திரன் எவரெஸ்டின் உச்சியில் நின்றார். சில நிமிடங்களில் நா. மோகன்தாஸ் அவரோடு சேர்ந்தார். எவரெஸ்டில் கால் பதித்த முதல் இரண்டு மலேசியர்களும் தமிழர்கள்! தோட்டத்துக் கோயில் திடலிலும் பள்ளிக்கூடத்திலும் அந்தச் செய்தியைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். நம்மால் முடியுமா என்று கேட்டுப் பழகிய ஒரு சமுதாயத்துக்கு, ஏன் முடியாது என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொடுத்த நாள் அது. டத்தோ பட்டம் அவர்களைத் தேடி வரப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதம் நம்மவர்களை வருத்தியது உண்மை.

வருந்திய நாம் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இருவரோடு ஷெர்ப்பாக்களும் உச்சிக்குச் சென்றார்கள். மகேந்திரன், மோகன்தாஸ் என்ற பெயர்கள் நம் வீடுகளில் தெரியும். உடன் சென்ற ஷெர்ப்பாக்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பெயர் விடுபடும் வலியை அறிந்தவர்களே அடுத்தவர் பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பனியருவியில் பெரும் பனிக்கட்டி சரிந்தது. அதிகாலையில் சுமையோடு சென்ற பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஈமச் செலவுக்கென்று நேபாள அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். அன்றைய மதிப்பில் சுமார் 400 அமெரிக்க டாலர். அதே மலைக்கு ஏற ஒவ்வொருவரும் கட்டும் கட்டணமோ பல்லாயிரம் டாலர். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். இந்தப் பருவத்தில் ஏறமாட்டோம் என்றார்கள். அந்தப் பக்கத்துப் பயணங்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயின. வழிகாட்டிகளுக்கான காப்புறுதித் தொகை பத்து இலட்சம் ரூபாயிலிருந்து பதினைந்து இலட்சமாக உயர்ந்தது. ஷாமொனியில் 1821இல் நடந்தது, இமயத்தில் நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நடந்தது என்று சொல்லலாம்.

நம் நாட்டிலும் இத்தகைய நாள் ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலையில் சபாவில் நிலம் நடுங்கியது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் பாறைகள் உருண்டன. பதினெட்டுப் பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். மலை வழிகாட்டிகளும் உயிரிழந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டபோது, உருளும் பாறைகளுக்கு நடுவே அவர்களைக் கீழே கொண்டுவந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் அம்மலை அடிவாரத்து டூசுன் மக்களான வழிகாட்டிகள். மாலிம் குனோங் என்று மலாயில் அழைக்கப்படும் அவர்களின் துணிவை அன்று நாடு முழுவதும் கண்டது.

2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் எவரெஸ்டில் நடந்ததையும் கேளுங்கள். கெல்ஜே ஷெர்ப்பா என்ற முப்பது வயது வழிகாட்டி, கட்டணம் கட்டிய ஒருவரை உச்சிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். மரண வலயத்தில் மலேசிய மலையேறி ஒருவர் குளிரில் விறைத்துத் தனியே கயிற்றைப் பற்றிக்கொண்டு கிடப்பதைக் கண்டார். உச்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம், உயிர் முக்கியம் என்று தம்மோடு வந்தவரிடம் சொல்லித் திரும்பச் செய்தார். மலேசியரைத் தூக்குமெத்தையில் சுற்றி, சில இடங்களில் முதுகில் சுமந்து, சில இடங்களில் பனியில் இழுத்து, சுமார் அறுநூறு மீட்டர் கீழே இறக்கினார். ஆறு மணி நேரம் ஆயிற்று. நிமா தாஷி ஷெர்ப்பா என்பவர் இடையில் வந்து தோள் கொடுத்தார். பின்னர் ஹெலிகாப்டர் வந்தது, அவர் பிழைத்தார். அதே பருவத்தில் வேறொரு மலேசியர் அம்மலையில் உயிரிழந்தார். இன்னொருவர் காணாமல் போனார். பிழைத்தவருக்கும் பிழைக்காதவருக்கும் இடையே இருந்தது அந்த நேரத்தில் அங்கே வந்த ஒரு மனிதனின் முதுகு.

அன்புக்குரிய பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மலையேறப் போகிறேன் என்று வந்து நின்றால், பயந்து தடுக்க வேண்டாம். உடலுக்கும் மனத்துக்கும் மலையேற்றம் நல்ல பயிற்சி. ஆனால் சில கேள்விகளைக் கேளுங்கள். வழிகாட்டி யார்? அம்மலைக்கு உரிமம் பெற்றவரா? அவர் ஒருவர் எத்தனை பேரை அழைத்துச் செல்கிறார்? இத்தனை மணிக்குள் உச்சி அடையாவிட்டால் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் குறித்திருக்கிறார்களா? உனக்குக் காப்புறுதி உண்டா? அதோடு நில்லாமல், வழிகாட்டிக்கும் சுமை எடுப்பவருக்கும் காப்புறுதி உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள். கூலியைக் குறைத்துக் கட்டணத்தை மலிவாக்கும் பயணத்தில், கடைசியில் குறைவது பாதுகாப்பு.

வழிகாட்டி திரும்புவோம் என்றால் திரும்பிவிட வேண்டும். 1820இல் ஹாமெல் கேட்க மறுத்த சொல் அதுதான். கட்டிய பணத்தை நினைத்து ஏறுகிறவர்கள் அந்தச் சொல்லை இன்றும் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நேபாள அரசு 2025 செப்டம்பர் முதல் எவரெஸ்டு அனுமதிக் கட்டணத்தை ஆளுக்கு 15,000 அமெரிக்க டாலராக உயர்த்திவிட்டது. பணம் கூடக்கூட, திரும்பு என்று சொல்வதும் கடினம், கேட்பதும் கடினம். பணம் கட்டியவர் மலையை வாங்கிவிடவில்லை. வழிகாட்டியின் உயிரையும் வாங்கிவிடவில்லை.

காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு, மேடு பள்ளத்தில் ஒரு துளி சிந்தாமல் ஸ்டோருக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சுமையின் எடை நமக்குத் தெரியும். ஆகவே லேடாங்கானாலும் இமயமானாலும், மலையிலிருந்து இறங்கி வந்து வீட்டில் கதை சொல்லும் பிள்ளையிடம், எவ்வளவு உயரம் ஏறினாய் என்று கேட்டபின், உன்னை அழைத்துச் சென்றவரின் பெயர் என்ன என்றும் கேளுங்கள். அவன் அந்தப் பெயரைச் சொல்வானானால், அந்த மலையை அவன் முறையாகவே ஏறியிருக்கிறான்.